கண் எடுக்க வருகிறார்கள்

ஐந்தாவது தடவையாகக் கலைமதி மின்விசிறியை அணைத்தாள். துக்கத்துக்கு வந்தவர்களில் யாராவது ஒருவர் அதைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். அப்பாவின் மூடிய கண்கள்மேல் ஈரப்பஞ்சு. காற்றுப் பட்டுக் காய்ந்தால் கண் யாருக்கும் உதவாது என்று கண் வங்கிக்காரர் போனில் சொல்லியிருந்தார். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். நாலு போய்விட்டது. அவர்கள் வண்டி தொப்பூர்க் கணவாயில், கவிழ்ந்த லாரிக்குப் பின்னால் நிற்கிறது. அழுவதற்குக்கூட உட்கார நேரமில்லை.

"கண்ணில்லாம அனுப்பினா அடுத்த பிறவியில தடவிக்கிட்டுத் திரிவான். எத்தன நேரம் வூட்ல வெச்சிருக்கறது, தூக்கிரலாம்" என்றார் பெரியப்பா தர்மன்.

"அப்பா கையெழுத்துப் போட்டிருக்காருங்க பெரியப்பா."

"அவன் எதுக்குத்தான் போடல."

பெரியப்பாவின் பார்வை மூலையில் இருந்த லோப்சாங் பிக்குமீது விழுந்தது. பள்ளி ஆசிரியரான அப்பா ஓய்வு பெற்றபின் ஆற்றுக்கு அந்தப்புறம், கர்நாடகத்துத் திபெத்திய மடத்தில், ஏழு வருஷம், தெரிந்த கன்னடத்தில், இயற்பியல் நடத்தினார். பள்ளிப் பிள்ளைகள் அவர் பாடத்தில் தூங்கினார்கள். பிக்குகள் வரிக்கு வரி ஆதாரம் கேட்டு அவரைத் தூங்கவிடவில்லை. அவர்களில் ஒருவர், நோயில் கிடந்தவரைப் பார்க்க முந்தாநாள் வந்திருந்தார்.

"சாமி, நீங்களே சொல்லுங்க. செத்தவங்க ஒடம்புல கை வெக்கலாமா?"

அப்பா சொல்லிக் கலைமதிக்குத் தெரியும். மனம் உடலைவிட்டுப் போகும்வரை, மூன்று நாளானாலும், தொடக்கூடாது என்பது அவர்கள் முறை.

"தொடக்கூடாது" என்றார் லோப்சாங், கன்னட வாடைத் தமிழில். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சார்கிட்டயும் சொன்னேன். மனசு உள்ள இருக்குன்னு ஆதாரம் என்னன்னாரு. இல்லேன்னு ஆதாரம் என்னன்னேன். ரெண்டு வருசம் சண்டை."

"யாரு ஜெயிச்சது?" என்றார் பெரியப்பா.

"யாரும் இல்ல. ஆனா கண்ணு சாரோடது. குடுக்கறேன்னு சொல்லிட்டாரு. நடுவுல நான் யாரு?"

"நல்ல சாமியாப் பாத்துப் புடிச்சிருக்கான் என் தம்பி." பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார்.

லோப்சாங் எழுந்துவந்து தலைமாட்டில், தொடாமல் உட்கார்ந்தார்.

"திடீர்னு எடுத்தா பயந்துக்குவாரு. சொல்லிட்டு எடுக்கணும்" என்றார் கலைமதியிடம்.

அப்பாவின் காதருகே குனிந்தார். கருவிழி எங்கே இருக்கிறது, ஒளி அதில் எப்படி வளைகிறது, எடுத்தால் ஏன் வலிக்காது. அப்பாவின் பாடம்தான், அப்பாவின் தப்புத் தப்பான கன்னடமும் அப்படியே. கலைமதி பஞ்சை மறுபடி நனைத்து வைத்தாள்.

வாசலில் வண்டி நின்றது. ஐஸ் பெட்டியோடு இருவர் அவசரமாகச் செருப்பைக் கழற்றினார்கள்.

"ஒரு நிமிசம் நில்லுங்க" என்றாள். "இன்னும் சொல்லி முடிக்கல."

வெளியே பெரியப்பா, யார் முகத்தையும் பார்க்காமல், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை அவர்கள் பக்கம் நகர்த்திப் போட்டார்.