மெத்தோதிக்கு வெந்த கோதுமை

இறந்தவர்களின் சனிக்கிழமை வந்துவிட்டால் கரிச்சுரங்க ஊரான பெர்னிக்கில் வீட்டுக்கு வீடு கோதுமை வேகும். சர்க்கரை கலந்து கல்லறைக்குக் கொண்டுபோய், எதிரே வருகிறவர் யாரானாலும் ஒரு கிண்ணம் நீட்டி, செத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். வாங்கியவர் "கடவுள் மன்னிக்கட்டும்" என்று சொல்லித் தின்ன வேண்டும். ராலித்சாவின் வீட்டில் மட்டும் தாத்தா மெத்தோதி பெயரில் ஒரு கோதுமை மணிகூட வெந்ததில்லை. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவனுக்கு இங்கே யாரும் வேகவைப்பதில்லை.

கைவிட்டு மூடிய சுரங்கப் பாதைக்குள் தனியாகப் போய்ச் செத்துக் கிடந்தால் ஊர் வேறென்ன சொல்லும்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது! வீட்டில் அப்போது மனைவி வயிற்றுப்பிள்ளைக்காரி. அந்தப் பிள்ளைதான் ராலித்சாவின் அப்பா ஸ்த்ராஹில். எழுபதைத் தாண்டி, நெஞ்சு அறுவைக்கு நாள் குறித்த பிறகு மகளிடம் கேட்டார்.

"நான் பொறக்கப்போறேன்னு தெரிஞ்சேதான் எங்கப்பன் செத்தானா? அதை மட்டும் கண்டுபிடிச்சுக் குடு தாயி."

ராலித்சா பேருந்து ஓட்டுகிறவள். காகிதம் என்றாலே கொட்டாவி வரும். ஆனாலும் பிஸ்கட் டப்பாவில் கிடந்த திருமணச் சான்று, சுரங்க அடையாள அட்டை எல்லாவற்றையும் கிளறினாள். லீவு போட்டு நகராட்சியில் கால் கடுக்க நின்று இறப்புப் பதிவை வாங்கினாள். விஷவாயுவில் மூச்சுத்திணறல் என்றிருந்தது. ஏன் உள்ளே போனார் என்று அதில் எப்படி இருக்கும்? கல்லறை எந்த வரிசையில் என்பது மட்டும் தெரிந்தது.

இறந்தவர்களின் சனிக்கிழமையன்று வெறுங்கையோடு போனாள். புதர் மண்டிக் கிடக்கும் என்று நினைத்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. களை பிடுங்கிய கல்லறை, எரியும் மெழுகுவத்தி. அறுபது வயதுக்காரி ஒருத்தி கல்மேல் ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் கிண்ணத்தை நீட்டினாள்.

"வாங்கிக்கம்மா. மெத்தோதிக்காக."

"நீங்க அவருக்கு என்ன ஒறவு?"

"ஒறவெல்லாம் இல்ல. நீ யாரு அதைக் கேக்க?"

"பேத்தி."

மீதி ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தவளின் செருப்பிலேயே கொட்டியது. பெயர் வேனெதா. அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தாள். வேனெதா பிறப்பதற்கு முன்னால், மூத்த பிள்ளைகள் குளிரில் நடுங்குவதைப் பொறுக்காமல் அவள் அப்பா லூபென் அந்த மூடிய பாதைக்குள் கரி திருடப் போயிருந்தார். வாயு தாக்கி விழுந்தவரை அந்தப் பக்கம் வந்த மெத்தோதிதான் உள்ளே புகுந்து இழுத்து வெளியே தள்ளினார். மெத்தோதி வெளியே வரவில்லை. அரசாங்கக் கரியைத் திருடினால் அந்த நாளில் சிறை. லூபென் வாயே திறக்கவில்லை. வருஷா வருஷம் கோதுமை மட்டும் வேகவைத்தார்; ஏனென்று சாகும்போதுதான் மகளிடம் சொன்னார்.

"உங்க வீட்டுக் கதவைத் தட்டணும்னு எத்தனையோ தடவ கெளம்பினேன். கால் வரல. இப்ப செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கறேன்."

ராலித்சாவுக்குக் கோபம் வரத்தான் செய்தது. புருஷனுக்கு ஒரு மெழுகுவத்திகூட ஏற்ற முடியாமல் செத்தாளே பாட்டி! ஆனால் களை பிடுங்கிய மண் வேனெதாவின் நகக்கண்ணில் இன்னும் இருந்தது. சொந்த வீடு பட்டினி போட்ட மனிதருக்கு இவர்கள் இத்தனை காலம் படைத்திருக்கிறார்கள். கோபத்தை முந்திக்கொண்டு நன்றி வந்தது.

"அடிக்கறது கெடக்கட்டும். கோதுமையை எடுத்துக்கிட்டு வண்டியில ஏறுங்கக்கா. எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லணும்."

ஸ்த்ராஹில் முழுவதும் கேட்டார். கிண்ணத்தை வாங்கி, "கடவுள் எங்கப்பாவை மன்னிக்கட்டும்" என்று பிறந்ததிலிருந்து முதல் தடவையாகச் சொன்னார். அழுதுகொண்டே வழித்துத் தின்றார். பிறகு காலிக் கிண்ணத்தை வேனெதாவிடம் நீட்டினார்.

"இன்னொண்ணு போடும்மா. இது உங்கப்பாவுக்கு."