மோசஸின் லாரியில் இடம்

ஆகஸ்ட் பதினைந்து என்றால் பியூலாவுக்குக் கொடியேற்றம் நினைவுக்கு வருவதில்லை. திருமுல்கேரியில், தமிழ்க் கிறிஸ்தவச் சபைக் கோயில் வாசலில், தூறலில் நின்ற பழைய பட்டாளத்து லாரிதான் வரும். எழுபத்திரண்டாம் வருஷம்.

ராணுவ ஏலத்தில் மோசஸ் எடுத்த லாரி அது. சபையின் பிக்னிக் அதில்தான் போகும். முந்தின வருஷம் ஏரிக்குப் போகும் கரிசல் பாதையில் பின்சக்கரங்கள் புதைந்து, எல்லோரும் வரப்பில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுத் திரும்பினார்கள். பக்கத்துக்கு இரண்டாக ஒட்டி நிற்கும் பின் டயர்களின் இடுக்கில் கல்லும் சேறும் அடைத்துக்கொண்டதுதான் வினை. மோசஸ் அந்த இரட்டைகளைக் கழற்றிவிட்டு, பக்கத்துக்கு ஒன்றாக அகலமான டயர் மாட்டினான். முன்சக்கரம் போட்ட தடத்திலேயே பின்சக்கரமும் போகும், புதையாது. ஆனால் பாரம் முன்போல ஏற்ற முடியாது.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. வழக்கம்போல அண்டா, விறகு, ஆர்மோனியம் சகிதம் சபையே ஏறி உட்கார்ந்துவிட்டது.

மோசஸ் பியூலாவைப் பெண் கேட்டிருந்தான். பியூலாவின் அப்பா சிலாஸ், லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபோர்மேன். பிக்னிக்கில் பையனைப் பார்த்துப் பேசிவிட்டு முடிவு சொல்வதாக இருந்தார். அவர் வேண்டாமென்றால் அதற்குமேல் பேச்சில்லை.

மோசஸ் பின்பக்கம் வந்து குனிந்து பார்த்தான். டயர் பிதுங்கியிருந்தது.

"பாதிப் பேர் இறங்கணும். பஸ்ல வந்துருங்க."

"கைக்குடா, எதுக்கு இறங்கணும்?" என்றாள் அண்டா பக்கத்தில் உட்கார்ந்திருந்த யூனிஸ் அத்தை. "போன வருஷம் இதே லாரி, இதே ஜனந்தானே?"

"போன வருஷம் பின்னால நாலு டயர் அத்தை. இப்ப ரெண்டு."

"டயரைக் கழட்டுனது போதாதுன்னு ஜனத்தையும் கழட்டுறானே!"

சிரிப்பு எழுந்தது, ஆள் எழவில்லை. பெண்களும் பிள்ளைகளும் இருக்கட்டும், ஆண்கள் இறங்கினால் போதும் என்றான் மோசஸ். ஆண்கள் எல்லோரும் சிலாஸைப் பார்த்தார்கள்.

"அங்கிள், நீங்க எறங்குனா மத்தவங்களும் எறங்குவாங்க."

"ஏலே, எஞ்சினையே தூக்கி நிறுத்துதவன் நான். எனக்கு நீ பாரம் சொல்லுதியா?"

'அப்பாவை மட்டும் விட்டுடேன்' என்று பியூலா மனசுக்குள் கெஞ்சினாள். ஒரு மனிதரின் கனத்தில் என்ன வந்துவிடப் போகிறது? மோசஸ் அவள் பக்கமே திரும்பவில்லை.

"சொல்லித்தான் ஆகணும் அங்கிள். பிள்ளைங்க இருக்கு."

சிலாஸ் இறங்கினார். குடையை விரித்தார். மற்ற ஆண்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

"பியூலா, எறங்கு."

ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் டைப்பிஸ்ட் வேலைக்குப் போகும் பெண்தான் அவள். ஆனாலும் அப்பா 'வா' என்றால் கால் தானாக நகரும். அன்று நகரவில்லை. அது தைரியமா, வெறும் மரத்துப்போன கால்களா என்று இன்றுவரை அவளால் சொல்ல முடியவில்லை.

"பொம்பளைங்க இருக்கலாம்னாங்களே, அப்பா. நான் இருக்கேன்."

அப்பாவின் முகத்தில் கோபத்தைத் தேடினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. முதல் தடவையாகக் குனிந்து பின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடையை மடக்கி அதன் நுனியால் டயரை அழுத்திப் பார்த்தார். பிதுக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. தலையில் மழை விழுந்தது.

"இன்னும் ரெண்டு பேரை எறக்குலே," என்றார் மோசஸிடம். "என் மக உன் லாரியில இருக்கா."