மூன்று நிமிடத் தேடல்

"அப்பா, நீ தோத்துட்டு வர்ற அன்னிக்கு வேற யாரோ ஜெயிக்கிறாங்கள்ல, அவங்க வீட்லயும் என்னை மாதிரி பாப்பா இருக்குமா?" என்று நுவாலா ஆறு வயதில் கேட்டாள். அவள் அப்பா மாலக்கி டர்கன் காலணிச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். இப்போது அவளுக்குப் பதினேழு வயது.

இருபத்திரண்டு வருடமாகக் கோல்ஃப் ஆடிப் பிழைப்பவன் மாலக்கி. மலிவான விமானம், இருவர் பங்கிடும் அறை, இடுப்புவலி மாத்திரை என்றே வருடங்கள் போயின. இன்று அக்டோபர் மழையில், மேயோ கடற்கரை மைதானத்தில், அடுத்த வருடம் போட்டிகளில் ஆடும் உரிமைக்கு ஒரே ஓர் இடம் மீதி இருந்தது. மற்றவர்கள் ஆடி முடித்துவிட்டார்கள். மாலக்கியும் அவனுடைய நெடுநாள் நண்பன் ஃபெர்கல் டூஹியும் பதினெட்டுக் குழிகளில் பதினேழை முடித்துச் சமமாக நின்றார்கள்; குறைந்த அடிகளில் முடிப்பவனுக்கே அந்த இடம். தோற்றால் பல்லினா ஊரில் ஒரு கோல்ஃப் கிளப் கடையில் கையுறை விற்க வேண்டியதுதான். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லும்படி கடைக்காரர்கள் கேட்டிருந்தார்கள்.

கடைசிக் குழிக்கு மாலக்கியின் முதல் அடி நேராகப் போய் நடுவில் விழுந்தது. ஃபெர்கலின் பந்தைக் காற்று இடப்பக்கத்து உயரமான புல்லுக்குள் தள்ளிவிட்டது.

"போச்சுடா! ஆட்டுக்குத் தீனி போட்டுட்டேன்" என்றான் ஃபெர்கல்.

"நீ அடிச்சத ஆடுகூட மோந்து பாக்காது. வா, தேடலாம்."

எதிராளியின் பந்தையும் கூடச் சேர்ந்து தேடுவது அங்கே எல்லோருக்கும் பழக்கம். மூன்று நிமிடத்துக்குள் கிடைக்காவிட்டால் ஓர் அடி தண்டம்; பழைய இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி அடிக்க வேண்டும். மழையில் வேடிக்கை பார்க்க ஒருவரும் நிற்கவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் புல்லை விலக்கினார்கள்.

"இன்னும் ஒரு நிமிஷம்தான்" என்றான் ஃபெர்கல், இருபதடி தள்ளி, முதுகைக் காட்டியபடி.

அப்போது மாலக்கியின் காலடியில் உருண்டையாக ஏதோ இடறியது. அசையாமல் நின்றான். பொய் சொல்லக்கூடத் தேவையில்லை. காலை எடுத்து அப்பால் வைத்தால் போதும், அந்த இடம் அவனுக்குத்தான். ஜெபிக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் கார்க் நகரில் ஒரு போட்டியின் நடுவே, அவன் அப்பா சாகக் கிடக்கிறார் என்று தகவல் வந்தது. மாலக்கி கார் சாவியோடு ஓடினான். "நான் எப்பவோ அவுட்டுடா, சும்மாத்தான் நிக்கிறேன்" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு, அப்பா இருந்த ஸ்லைகோ வரைக்கும் காரை ஓட்டி வந்தவன் ஃபெர்கல். அப்பாவின் விரல்களில் செபமாலையைச் சுற்றிவிட மாலக்கிக்கு நேரம் கிடைத்தது. ஃபெர்கல் அன்று மூன்றாம் இடத்தில் இருந்தான் என்பதை மறுவாரம் செய்தித்தாளில்தான் மாலக்கி படித்தான். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

"இங்க இருக்கு, ஃபெர்கல். தெரியாம மிதிச்சுட்டேன், எடுத்துச் சரியா வெச்சுக்கோ."

ஃபெர்கல் ஓடி வந்தான். "உன் அகலப் பாதத்துக்குக் கோயில்ல ஒரு மெழுகுவத்தி ஏத்தணும்டா!"

ஃபெர்கல் அந்தக் குழியை நாலு அடியில் முடித்தான். மாலக்கிக்கு ஐந்து ஆனது; ஓர் அடியில் இடம் கைவிட்டுப் போனது.

கைகுலுக்கும்போது ஃபெர்கலால் மாலக்கியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "சும்மா அதிர்ஷ்டம்டா" என்றான்.

"அதிர்ஷ்டம்தான்" என்றான் மாலக்கி. தொப்பியைக் கழற்றி மழைநீரை உதறிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.