தலைகீழாகத் தெரிந்த அக்கரை

பாலம் கட்ட வந்த மாணவர்களுக்கு யாரோ என் கதையைத் தப்பாகச் சொல்லிவைத்திருந்தார்கள். ஆற்றைக் கடக்க முடியாமல் என் மனைவி இறந்துவிட்டாள் என்று. முதல் நாள் கூட்டத்தில் அவர்களின் தலைவி என் முன்னால் வந்து நின்று, தன் சிவப்புத் தொப்பியைக் கழற்றினாள். கல்லூரி இறுதியாண்டுப் பெண்.

"அண்ணா, உங்க வீட்டுக்காரங்களுக்காகவாச்சும் இந்தப் பாலத்தைக் கட்டியே தீருவோம்."

"அவ கோடையில செத்தா," என்றேன். "ஆத்துல கணுக்கால் தண்ணிதான் இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு நேரத்தோட போய்ச் சேந்துட்டோம்."

கழற்றிய தொப்பியை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பப் போட்டுக்கொண்டாள்.

"அப்ப யாருக்காகக் கட்டணும்னு நீங்களே சொல்லுங்க."

நான் அக்கரையைக் காட்டினேன். "என் பொண்ணு அங்க இருக்கா."

மகள் அக்கரையில் மாமியார் வீட்டில் வளர்கிறாள். நான் இக்கரையில் பால் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். விடியும் முன் கேன்கள் வந்துவிடும். பாலில் கொழுப்பு எவ்வளவு என்று கண்ணாடிக் குழாயில் கோடு பார்த்துச் சொல்வது என் வேலை. அந்த நேரத்தில் சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. கோடையில் மாலைதோறும் ஆற்றில் இறங்கி நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மழைக்காலத்தில் ஆறு வழியை அடைத்துவிடும். போன மழையில் பாப்பாவுக்குக் காய்ச்சல். மருந்துப் பையோடு நான் இந்தப் பக்கம் நின்றேன். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மாமியார் அந்தப் பக்கம் நின்றார். நடுவில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. காய்ச்சல் தானாக இறங்கியது.

அதற்குப் பிறகு மச்சான் முடிவு செய்துவிட்டார். இந்த வருஷம் வெள்ளம் வருவதற்குள் அம்மாவையும் பாப்பாவையும் தன்னுடைய ஊருக்கு அழைத்துப் போய்விடுவது என்று. அது எங்கோ இருக்கிறது. போய் வரவே வாரக் கணக்கில் விடுப்பு வேண்டும்.

"பாலம் நின்னுட்டா நான் இடத்தை விட்டு அசையமாட்டேன் மாப்பிள்ளை," என்றார் மாமியார். "நிக்கலைன்னா உங்க மச்சான் பேச்சைத்தான் நான் கேக்கணும். மறுபடி அந்தக் காய்ச்சலை என்னால தாங்க முடியாது."

தலையாட்டினேன். மனைவி போன பிறகு எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். அழவில்லை. உட்கார்ந்தபடி மரத்துப்போன கால் மாதிரி இருந்தது. கிள்ளினால் தெரியாது.

மாணவர்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையில் தங்கினார்கள். கரும்பலகையின் விளிம்பில் காலுறைகள் காய்ந்தன. பகலில் குழி தோண்டினார்கள், கல் சுமந்தார்கள், சிமென்ட் குழைத்தார்கள். இரண்டு கரையிலும் மாட்டுக்கொட்டில் அளவுக்குக் கான்கிரீட் கட்டை எழுந்தது. பாலத்தை இழுத்துப் பிடிக்கப்போவது அதுதான் என்றார்கள். அதன்பின் லாரியில் இரும்பு வடம் வந்தது. மணிக்கட்டுப் பருமன். துறைமுகத்தில் சரக்குத் தூக்கி ஓய்வு பெற்றது.

"கப்பலுக்கே வேணாம்னு தூக்கிப் போட்டதை நம்ம தலையில கட்டுறாங்கப்பா," என்றார் சைக்கிள் கடைக்காரர். ஊரில் எது நடந்தாலும் கடையை அப்படியே விட்டுவிட்டு முதலில் வந்து நின்று குறை சொல்கிறவர்.

"ஏண்ணே, கப்பல் சரக்கைவிட நீங்க கனமா?" என்றாள் சிவப்புத் தொப்பி.

அவர் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "கிட்டத்தட்ட."

அவர்களிடம் ஒரு கருவி இருந்தது. மூன்று கால் வைத்த தொலைநோக்கி மாதிரி. லெவல் என்றார்கள். உள்ளே பார்த்தால் நடுவில் மயிரிழை போல ஒரு கோடு தெரியும். எவ்வளவு தூரத்தில் பார்த்தாலும் அந்தக் கோடு கருவி இருக்கும் அதே மட்டம்தான். ஆனால் அது பழைய கருவி. எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டும்.

"புதுசெல்லாம் நேராக் காட்டும் அண்ணா. இது எங்க காலேஜ் கட்டினப்போ வாங்கினது. கேட்டா, நீங்க தலைகீழா நின்னு பாருங்கன்னு சொல்றாங்க."

ஒரு நாள் கருவியை அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். இந்தப் பக்கம் அளவுக்கோலைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். சிவப்புத் தொப்பி பாப்பாவைத் தூக்கிக் கருவிக்குள் பார்க்க வைத்தது எனக்குத் தெரிந்தது. அடுத்த நொடி ஆற்றைத் தாண்டி பாப்பாவின் அலறல் கேட்டது. என் போன் அடித்தது.

"மாப்பிள்ளை, நீங்க வானத்துக்குள்ள விழப்போறீங்களாம். கத்திக்கிட்டே இருக்கா."

"நான் நேராத்தான் நிக்கிறேன்னு சொல்லுங்க அத்தை."

போன் கை மாறியது. மூச்சு வாங்கும் சத்தம்.

"அப்பா, எதையாவது பிடிச்சுக்கோ."

"பிடிச்சிருக்கேன்டா." கையில் அளவுக்கோல் இருந்தது.

"கெட்டியா."

"கெட்டியா."

அதன்பிறகே அவள் அழுகையை நிறுத்தினாளாம்.

வடம் ஏற்றும் நாள் வந்தது. மலைப் பக்கம் வானம் இருண்டிருந்தது. ஆறு கலங்கி, இடுப்புக்கு மேல் ஓடியது. மச்சான் அன்று காலையே வந்து இறங்கிவிட்டதாக மாமியார் போனில் சொன்னார். பைகளைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாராம். வடம் ஏறினால் பைகளை உள்ளே எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு வடங்கள். இரண்டும் அக்கரைக் கட்டையில் மாட்டி, ஆற்றின் அடியில் கிடந்தன. இந்தப் பக்கம் வின்ச் என்ற இழுக்கும் உருளையை ஒரு கல்தூணில் கட்டி, கையால் முறுக்கி இழுக்க வேண்டும். வடம் நடுவில் தாழ்ந்து நிற்கும் தொங்கல் கருவியின் கோட்டைத் தொடும்போது நிறுத்த வேண்டும். இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்காவிட்டால் பாலம் ஒரு பக்கம் சாயும். அக்கரைக் கட்டையைக் கவனிக்கச் சிவப்புத் தொப்பி நீர் ஏறும் முன்பே அங்கே போய்விட்டாள். வின்ச்சில் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பையன். கருவி பார்க்க வேண்டியவனுக்கு இரண்டு கண்ணும் சிவந்து பீளை கட்டியிருந்தது. கண்வலி.

"நம்ம தம்பி பாக்கட்டும்," என்று சைக்கிள் கடைக்காரர் என்னைக் காட்டினார். "கோடு பாக்குறதுதானே பொழப்பு. நான் தண்ணி கலந்த பாலை எத்தனை தடவை கண்டுபிடிச்சிருக்கான்."

போனில் சிவப்புத் தொப்பி சொன்னாள். "அண்ணா, ஒண்ணே ஒண்ணுதான். அதுல வடம் கோட்டுக்கு மேல தெரிஞ்சா, நிஜத்துல கீழ இருக்கு. ஏத்தச் சொல்லுங்க. ஏத்த ஏத்த, அது உங்களுக்கு இறங்கி வரும். மறந்துடாதீங்க."

குனிந்து கண்ணை வைத்தேன்.

ஆறு மேலே ஓடியது. அதற்கும் மேலே இந்தப் பக்கத்து மணல். மரங்கள் கீழ்நோக்கித் தொங்கி, வெள்ளை வானத்துக்குள் கிளைகளை விட்டிருந்தன. மனிதர்கள் கால்களால் பூமியைப் பிடித்துத் தொங்கினார்கள். ஒருவர்கூட விழவில்லை. நான் எவ்வளவு நேரம் பார்த்தேனோ, நெட்டை என் தோளைத் தட்டினான்.

முதல் வடம் சரியாக வந்தது. ஏத்து என்றேன், ஏத்து, நிறுத்து. கோட்டில் உட்கார்ந்தது. நெட்டை வடத்தைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பைப் போட்டு முறுக்கினான்.

இரண்டாவது வடம் நீரிலிருந்து எழுந்து கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தபோது, காட்சிக்குள் பாப்பா வந்தாள்.

மாமியார் உட்கார்ந்திருந்த பாறையருகே நின்றாள். கருவி அவளைக் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. ஜடை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா அப்படித்தான் கடிப்பாள். யோசிக்கும்போது. மாலைதோறும் போய்ப் பார்த்திருக்கிறேன், சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறேன். இதைப் பார்த்ததில்லை. தலைகீழாகத் தொங்கியபடி, வானத்துக்கு மேல், அவள் முடியைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அண்ணா, எவ்வளவு?" என்றான் நெட்டை.

வடம் கோட்டுக்கு மேலே இருந்தது.

"இறக்கு."

"நிச்சயமாவா?"

"இறக்குப்பா."

இறக்கினான். வடம் இன்னும் மேலே போனது. மறுபடி இறக்கு என்றேன். கண்ணை எடுத்தபோது அதன் தொங்கல் ஆற்றுக்குள் இருந்தது.

மேலிருந்து வேரோடு ஒரு மரம் மிதந்து வந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்க வந்து வேரை வடத்தில் மாட்டிக்கொண்டது. வடம் வில்லாக வளைந்தது. வின்ச் முனகியது. அதைக் கட்டியிருந்த கல்தூண் லேசாக அசைந்ததை எல்லோரும் பார்த்தோம்.

"இழுங்கடா!" என்று சைக்கிள் கடைக்காரர் ஓடிவந்து வின்ச்சின் கைப்பிடியைப் பிடித்தார். "எல்லாரும் வாங்க, இழுங்க!"

ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் சிவப்புத் தொப்பியின் குரல். "யாரும் இழுக்காதீங்க. இழுத்தா தூண் வந்துடும். விடுங்க."

"என்னது?" என்றார் கடைக்காரர்.

"வடத்தை விடுங்க. இன்னும் இறக்குங்க. முழுசா."

"இந்தப் பொண்ணுக்குப் பைத்தியமா?" என்றார் அவர். "விட்டா மொத்தமும் ஆத்தோட போயிடும். அப்புறம் இந்த வருஷம் பாலம் ஏது?"

நெட்டை என்னைப் பார்த்தான். ஏன் என்னைப் பார்த்தான் என்று தெரியவில்லை. அக்கரையில் பாப்பாவை மச்சான் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். ஊருக்குக் கிளம்புகிறவர் மாதிரி.

"அவங்க சொல்றபடி செய்," என்றேன். "விடு."

வின்ச் பல் பல்லாக விட்டது. டக். டக். மரம் வடத்தையும் இழுத்துக்கொண்டு கீழே நகர்ந்தது. வடம் தளர்ந்தது, தன் பாரத்தால் ஆழத்துக்குப் போனது. நீர்மட்டத்தில் அது தெரியவில்லை. எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். அப்போது மரம் ஒருமுறை மெதுவாகப் புரண்டது, படுத்த மாடு பக்கம் மாறிப் படுப்பது போல. வேர் வானத்தைப் பார்த்தது. அடுத்த கணம் அது ஆற்றின் வளைவில் போய்க்கொண்டிருந்தது.



"இப்ப ஏத்துங்க," என்றாள் போனில். "அண்ணா, நீங்க கருவிக்குப் போங்க."

"நான்தான் தப்பாச் சொன்னேன்."

"தெரியும். முதல் தடவை நான் எங்க சார் தலைமேலயே வடத்தை இறக்கியிருக்கேன். ஆறு பரவால்ல, திட்டாது. போங்கண்ணா."

ஆனால் நான் உடனே குனியவில்லை. வடம் வெளியே வருவதை வெறும் கண்ணால் பார்த்தேன். முதலில் இரண்டு கரையோரமும் எழுந்தது. பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி ஆற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. கடைசியாக நடுப்பகுதி நீரை விட்டுப் பிரிந்தபோது, கரையிலிருந்து கரை வரை அதன் நீளம் முழுக்கத் தண்ணீர் ஒழுகியது. ஆற்றின் குறுக்கே ஒரே ஒரு கோடு மழை. அதற்கு இப்பக்கமும் அப்பக்கமும் ஒரு சொட்டு இல்லை. சைக்கிள் கடைக்காரர் வாயைப் பிளந்து நின்றார். சற்று நேரத்தில் அந்த மழை மெலிந்து, முத்து முத்தாகி, நின்றது. வெற்று வடம் மட்டும் காற்றில் கிடந்தது. இத்தனை வருஷம் இந்த ஆற்றின் மேல் எதுவும் நின்றதில்லை. அதை ஒரு மெல்லிய கோடு கடந்துவிட்டது. எனக்கு உள்ளங்கை வியர்த்திருந்தது. எனக்கு வியர்க்கிறது என்பதே ஆச்சரியமாக இருந்தது.

குனிந்தேன். ஏத்து. ஏத்து. இன்னும் கொஞ்சம். நிறுத்து.

இரண்டு வடமும் ஒன்றின் பின் ஒன்று மறைந்து ஒரே வடமாகத் தெரிந்தன.

அக்கரையில் மச்சான் பாப்பாவைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார். மாலையில் மாமியார் போன் செய்தார். "பையெல்லாம் உள்ள வந்துடுச்சு மாப்பிள்ளை. உங்க மச்சான் பலகை கட்டி முடிக்கிறவரை இங்கயே இருந்து பாக்குறானாம். அதுவரைக்கும் நம்பமாட்டானாம்."

தூறலில் பலகை கட்டினார்கள். இரண்டு கரையிலிருந்தும் ஒரே நேரத்தில். வடத்தில் உட்கார்ந்தபடி கம்பியைத் தொங்கவிட்டு, குறுக்குச் சட்டம் மாட்டி, அதில் பலகை அடித்து, அடித்த பலகை மேலேயே நகர்ந்து அடுத்ததற்குப் போனார்கள். தங்களுக்குத் தாங்களே தரை போட்டுக்கொண்டு காற்றில் நடந்தார்கள். மச்சானும் இரண்டாம் நாளே பலகை சுமக்கத் தொடங்கிவிட்டார். நடுவில் கடைசிப் பலகையை அடித்தபோது கீழே ஆறு கரைக் கட்டைகளைத் தொட்டு ஓடியது. வெள்ளம்.

பாரம் சோதிக்க ஊரையே ஏறி நிற்கச் சொன்னாள் சிவப்புத் தொப்பி. முதலில் சைக்கிள் கடைக்காரர். சைக்கிளோடு. மணியடித்துக்கொண்டே.

"கப்பல் போகுது, வழி விடு, வழி விடு!"

பின்னாலேயே எல்லோரும் ஏறினோம். பாலம் அமுங்கியது, ஆடியது, நின்றது. இரண்டு வடங்கள். ஒரு ஊர்.

நடுப்பாலத்துக்கு நான் வந்தபோது எதிரே மாமியார் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பலகை இடுக்கில் ஆறு விரைவது தெரிந்தது. பாப்பா பாட்டியின் கையை உதறிவிட்டு நின்றாள். என் கால்களைப் பார்த்தாள். பிறகு தலையை. பிறகு மறுபடி கால்களை. நான் நேராக நிற்கிறேனா என்று சரிபார்த்தாள்.

"அப்பா, பிடிச்சிருக்கியா?"

"இல்லடா," என்றேன். என் கையில் அன்று எதுவும் இல்லை.

ஓடிவந்து இரண்டு கையாலும் என் முழங்காலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். முழு பலத்தோடு, என்னைப் பூமியில் வைத்திருக்கும் பொறுப்பு தன்னுடையது என்பது போல. வலித்தது.

"மாப்பிள்ளை," என்று பதறினார் மாமியார். "என்ன ஆச்சு? ஏன் அழறீங்க?"

"ஒண்ணுமில்ல அத்தை."

கீழே வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் எங்களைச் சுற்றி ஒதுங்கி, அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் நடந்தார்கள்.