இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

கார் இஞ்சினின் நான்காவது பிளக்கையும் கழற்றித் துணியின் மேல் வைத்தபோது வாசலில் முதல் சங்கு ஊதியது. கர்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் பெண்டாட்டி சுப்புத்தாயை நடுவீட்டில் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தார்கள். அவனோ வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில், அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காத காரின் முன்னால் குனிந்து நின்றான். பந்தல் போட வந்தவர்கள் கொட்டகைப் பக்கம் பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். பேசாமல் என்ன செய்வார்கள்?

காலையில் நடந்தது இவ்வளவுதான். விடிந்ததும் மாட்டுக்குப் புல் அறுக்கப் போனவளை வரப்பில் வைத்து நல்லபாம்பு கடித்துவிட்டது. அவள் அண்ணன் பேச்சிமுத்து, பக்கத்து ஊர் விஷக்கடி வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றான். கர்ணன் கேட்கவில்லை. தேனிக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் விஷத்துக்கு ஊசி இருக்கிறது, காரில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது என்று சொல்லி அவளைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டான். மார்க்கையன்கோட்டையிலேயே கார் வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். மேகமலை எஸ்டேட் துரை வேண்டாமென்று தள்ளிவிட்ட வண்டியை வாங்கி, தானே பிரித்து மேய்ந்து, வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். முதல்நாள் சாயங்காலம்தான் இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டி, வால்வுகளைத் தேய்த்து, நடுவில் காற்றுக் கசியாமலிருக்கப் புது காஸ்கெட் தகடு வைத்து மாட்டி முடித்திருந்தான்.

வண்டி கிளம்பத்தான் செய்தது. சின்னமனூரைக்கூடத் தாண்டிவிட்டது. உப்பார்பட்டிக்கு அந்தப் பக்கத்து மேட்டில் இழுக்க மாட்டாமல் திணறி, நடுரோட்டில் நின்றுவிட்டது. அப்புறம் முன்னால் ஹேண்டிலைச் செருகி எவ்வளவு சுற்றியும் இஞ்சின் பிடிக்கவில்லை. எதிரே வந்த மாட்டுவண்டியை மறித்து ஏற்றினார்கள். வீரபாண்டி வருவதற்குள் சுப்புத்தாயின் தலை பேச்சிமுத்துவின் மடியில் சாய்ந்துவிட்டது. திரும்பி வரும்போது முன்னால் அவளை வைத்த வண்டியும், பின்னால் இரண்டு மாடு பூட்டி இழுத்த காருமாக ஊருக்குள் வந்தார்கள்.

கர்ணனுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் எதுவுமே இல்லாதது போலிருந்தது. ஒரே ஒரு கேள்வி மட்டும் மண்டைக்குள் நின்றது. ஏன் நின்றது? பெட்ரோல் இருந்தது. பிளக்கில் பொறி வந்தது. ஹேண்டில் போடும்போது கைக்கே தெரிந்தது: ஒரு தரம் இறுக்கம், அடுத்த தரம் சொத்தென்று ஒரு விழுகை, மறுபடி இறுக்கம், மறுபடி சொத். நாலு சிலிண்டரில் இரண்டில் காற்று அமுங்கவில்லை, கம்ப்ரஷன் இல்லை. அது தன் கை செய்த பிழையா, இல்லையா? அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளுக்குக் கொள்ளி வைக்க முடியாது என்று பட்டது.

மாமியார் மூக்கம்மாள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். குளிப்பாட்டிய ஈரம் அவள் சேலையில் இருந்தது.

"மாப்ள, இவ கழுத்துக் கயித்துல ஒரு குண்டு இல்லையே."

கர்ணன் திரும்பினான். தாலிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகக் கோத்திருந்த தங்கக் குண்டுகள். அவள் பிறந்த வீட்டில் போட்டது.

"அந்து விழுந்த மாதிரித் தெரியலை. அவுத்து எடுத்துட்டு முடிச்சுப் போட்டு வச்சிருக்கு."

"தெரியலை அத்தை."

மூக்கம்மாள் கீழே பார்த்தாள். மதுரையிலிருந்து வரவழைத்த காஸ்கெட்டின் உறை காலடியில் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு அவனையும் ஒருமுறை பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். குண்டை விற்றுத்தான் அதை வாங்கினான் என்று அவள் நினைப்பது அவனுக்குப் புரிந்தது.

சற்றைக்கெல்லாம் பேச்சிமுத்து வந்தான். சட்டை முழுக்கத் தங்கச்சி கக்கிய நுரை காய்ந்து கிடந்தது. அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று கர்ணன் நினைத்தான். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தான்.

"வைத்தியர்கிட்டப் போவோம்னு சொன்னேன்லலே."

"சொன்னீக."

"கேட்டியா நீ?"

ஏன் நின்றதென்று பார்க்க, ஹேண்டில் சுற்ற ஒரு ஆள் வேண்டும் என்று கர்ணன் மெல்லச் சொன்னான். பேச்சிமுத்து அவனை ஏற இறங்கப் பார்த்தான். குனிந்து ஹேண்டிலை எடுத்துச் செருகினான்.

"சுத்துறேன். எனக்கும் தெரியணும்."

பேச்சிமுத்து சுற்றச் சுற்ற, கர்ணன் ஒவ்வொரு பிளக்குத் துளையாகக் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். முதலாவது, காற்று விரலைத் தூக்கி எறிந்தது. இரண்டாவது, குழந்தை ஊதுவது போல ஒரு மூச்சு. மூன்றாவதும் அப்படியே. நான்காவதில் மறுபடி விரல் எகிறியது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஒவ்வொரு கரண்டி எண்ணெய் ஊற்றிச் சுற்றச் சொன்னான். பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்கு தேய்ந்திருந்தால் எண்ணெய் கொஞ்ச நேரம் காற்றைப் பிடித்து வைக்கும். பிடிக்கவில்லை. ஆக ரிங்கு இல்லை.

வால்வா? தேய்த்து முடித்தபின் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்திருந்தான். ஒரு சொட்டு இறங்கவில்லை. கடைசியாக மூன்றாவது துளையில் விரலை மேலாக வைத்துக்கொண்டு, இரண்டாவதை மற்றக் கையால் இறுக்கி அடைத்தான். இரண்டாவது அமுங்கும்போதெல்லாம் மூன்றாவதிலிருந்து விரலில் காற்று பட்டது.

"நடுவுல போகுது மச்சான். ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல."

"அப்படின்னா?"

"காஸ்கெட் உக்காரலை."

"உக்காராதது யார் தப்பு?"

"கழத்துனாத்தான் தெரியும்."

நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். எதுவும் எளிதில் வரவில்லை. எல்லாமே இறுக்கமாகத்தான் இருந்தன. நேற்றுச் செய்ததை வரிசையாக நினைத்துப் பார்த்தான். காஸ்கெட்டுக்குக் கிரீஸ் தடவி இஞ்சின் மேல் படிய வைத்தான். ஹெட்டை நேராக இறக்க இன்னொரு ஆள் வேண்டுமென்று பேச்சிமுத்துவைக் கூப்பிடப் போனான். திரும்பி வந்தபோது சுப்புத்தாய் இஞ்சின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இஞ்சினின் இடுப்பில் ஒரு குங்குமப் பொட்டு. அவள் விரலெல்லாம் கிரீஸ். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, சாமி கும்பிட்டேன் என்று சொல்லிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். அண்ணனும் புருஷனும் சிரித்தார்கள். இருவருமாக ஹெட்டைத் தூக்கி இறக்கினார்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒன்றுவிட்டு ஒன்றாக, முறைப்படி முறுக்கினான். சூடேறியபின் இன்னொரு தரம் முறுக்க வேண்டும். அதை விடிந்து செய்யலாம் என்று விட்டான். அதுதானா? அந்த ஒரு முறுக்குத்தானா அவளைக் கொன்றது?

இருவருமாக ஹெட்டைத் தூக்கினார்கள். பேச்சிமுத்து அதை வாங்கிக்கொண்டு போய் மூலையில் சாக்கின் மேல் இறக்கக் குனிந்தான். கர்ணன் காஸ்கெட்டை ஓரத்தில் நெம்பி உரித்தான். இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே விரல் அகலத்துக்குத் தீ வழி போட்டுக் கரிந்திருந்தது. அந்தக் கரிக்கு அடியில், இரும்போடு ஒட்டிக்கொண்டு, துவரம்பருப்பளவில் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது.

நகத்தால் பெயர்த்தான். நசுங்கித் தகடாகிவிட்டிருந்தது. தாலிக்கயிறு கோக்கிற துளை மட்டும் இரண்டு ஓரத்திலும் கோடாகத் தெரிந்தது.

தை மாதம் இந்த வீட்டுக்கு நிலை வைத்தபோது அடியில் பொட்டுப் பொன் வைத்தார்கள். அப்போதிலிருந்தே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "வீட்டுக்கு நெலை வைக்கையில பொன்னு வைக்கிறாகல்ல. நம்ம சோறு போடுற இஞ்சினுக்கு ஒண்ணும் வைக்க வேணாமா?" அவன் கேலி செய்தான். இஞ்சினுக்கு ஒட்டியாணமே செய்து போடலாம், கூடவே ஒரு மூக்குத்தியும் குத்திவிடுவோம் என்றான். அவளும்தான் சிரித்தாள்.

கர்ணன் கையை மூடிக்கொண்டான். மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். இதைத்தானா தெரிந்துகொள்ள வந்தோம் என்றிருந்தது. தெரியாமலே நெருப்பு வைத்திருக்கலாம்.

பேச்சிமுத்து ஹெட்டை வைத்துவிட்டுத் திரும்பினான்.

"என்ன?"

வாசலில் சேகண்டி ஒருமுறை ஒலித்து நின்றது.

"நட்டு சரியா முறுக்கலை மச்சான்," என்றான் கர்ணன். "என் கைத் தப்புதான்."

பேச்சிமுத்து அவனையே பார்த்தான். சுவரில் சாய்த்திருந்த ஹேண்டிலை எடுத்தான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிறிதுநேரம் நின்றான். அப்புறம் அதை இஞ்சின் மேல் வைத்துவிட்டு வெளியேறினான். போகிற போக்கில், குளித்துவிட்டு வா, நேரமாகிறது என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னான்.

கிணற்றடியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினார்கள். கையைச் சாம்பல் போட்டுத் தேய்க்கச் சொன்னார்கள். வலது கையை மட்டும் அவன் விரிக்கவே இல்லை. ஈர வேட்டியோடு அவனைக் கொண்டுபோய்ப் பந்தலில் நிறுத்தினார்கள். சுப்புத்தாய்க்கு மஞ்சள் பூசிப் பெரிய பொட்டு வைத்திருந்தார்கள். கழுத்துக் கயிற்றில் ஒற்றைக் குண்டு ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மூக்கம்மாள் அவனுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"வித்துட்டியாய்யா?"

கர்ணன் ஆமாம் என்று தலையசைத்தான்.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "எங்கிட்டக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே," என்றாள்.

வாய்க்கரிசித் தட்டை அவன் முன்னால் நீட்டினார்கள். முதல் பிடி புருஷன் பிடி. அவன் மூடிய வலது கையைத் தட்டுக்குள் விட்டு, உள்ளே இருந்ததை விடாமல் அரிசியோடு அரிசியாக அள்ளி, அவள் வாயருகே கொண்டுபோய் மெதுவாகத் திறந்தான். விரலால் உள்ளே தள்ளினான். சங்கு ஊதியது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள்.

உதட்டோரம் சிந்திய அரிசியில் நாலைந்து கிரீஸ் பட்டுக் கறுத்திருந்தன. மூக்கம்மாள் அவற்றை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துப் போட்டுவிட்டு, மகளின் வாயை மூடிவிட்டாள்.