இரைச்சல் எங்கே போனது?

படியேறும்போதே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். மேலே சத்தமே இல்லை.

மூன்று நாளாக தம்பியின் குழு ஒத்திகை பார்க்கும் அந்த மாடி அறையில் கிதார் ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் போதும், தொண்டை கட்டிய ஆள் முனகுவது மாதிரி 'ம்ம்ம்...' என்று ஓர் இரைச்சல். தம்பி கம்பியைத் தொட்டாலும் கேட்கும், தொடாவிட்டாலும் கேட்கும். இன்று மாலை நான்கு மணிக்கு ஒலிப்பதிவாளர் வருகிறார். அவருக்குப் பிடித்தால் தம்பியின் குழுவுக்கு முதல் ஆல்பம். பிடிக்காவிட்டால் கீழே அச்சகத்தில் காகிதம் வெட்டப் போய்விடுவேன் என்று அவனே சொல்லியிருந்தான்.

ஆம்ப் ரிப்பேர் என் தொழில். இரைச்சலுக்குக் காரணம் முதல் நாளே தெரிந்துவிட்டது. தம்பி ஒரே நேரத்தில் இரண்டு ஆம்பில் வாசிக்கிறான். கிதார் காலடியில் இருக்கும் பெடலுக்குப் போகிறது; அங்கிருந்து ஒரு கேபிள் பெரிய ஆம்புக்கு, இன்னொன்று சின்ன ஆம்புக்கு. இரண்டும் எதிரெதிர் சுவரில், தனித்தனி பிளக்கில், தனித்தனி எர்த்தில். சுவருக்குள் ஓடும் எர்த் ஒயரும் தரையில் கிடக்கும் கேபிள்களும் சேர்ந்து ஒரு பெரிய வளையமாகிவிடுகின்றன. அந்த வளையத்தில் வேண்டாத கரண்ட் சுற்றி வருகிறது. ஸ்பீக்கரில் முனகுவது அதுதான்.

இரண்டையும் ஒரே பிளக்கில் போட்டுப் பார்த்தேன். ஃபியூஸ் போனது. கீழே அச்சு இயந்திரமும் நின்று, அச்சக முதலாளி படியேறி வந்து எங்கள் ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டுப் போனார். மிச்சம் இருந்தது ஒரே வழி. கேபிளுக்கு நடுவே ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியை வைத்தால் பாட்டு மட்டும் தாண்டிப் போகும், வளையம் அறுந்துவிடும். அந்தப் பெட்டியை வாங்கத்தான் நேற்று போனேன். நேற்று கிளம்பும்போது இரைச்சல் இருந்தது. இன்று மதியம் பெட்டியோடு வந்தால் இல்லை.

"லேட்டுக்கா நீங்க!" என்றான் டிரம்ஸ் வாசிப்பவன். வாய் ஓயாததால் அவனுக்கு டமாரம் என்று பெயர். "காலையில மாமா வந்தாரு. எங்க எல்லாரையும் டீ குடிச்சிட்டு வாங்கடான்னு அனுப்பிட்டாரு. திரும்பி வந்து பார்த்தா இரைச்சல் அவுட்டு!"

மாமா மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் தம்பி. மேடைகளுக்கு ஒலிபெருக்கியும் விளக்கும் வாடகைக்கு விடுபவர். பெரிய ஆம்பும் அவர் கொடுத்ததுதான்.

"என்ன மாமா பண்ணீங்க?"

"ஒரு சின்ன வேலைதாம்மா."

"என்ன சின்ன வேலை?"

"தொழில் ரகசியம். விடேன்."

அங்கேதான் எனக்கு உறுத்தியது. மாமா ஒரு பல்பு மாட்டினாலே நாலு வீட்டுக்குச் சொல்லுவார். பல்பு எப்படிக் கெட்டுக் கிடந்தது, மற்றவன் எப்படித் தோற்றான், இவர் எந்தக் கையால் மாட்டினார் என்று ஒரு வாரம் ஓடும். மூன்று நாள் நான் மண்டையை உடைத்துக்கொண்ட வேலையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. டீயையும் இடது கையால் குடித்துக்கொண்டிருந்தார். வலது கை பேன்ட் பைக்குள் இருந்தது.

மண்டியிட்டுப் பார்த்தேன். கேபிள்கள் அதே இடத்தில். புதிதாக எந்தப் பெட்டியும் இல்லை. இரண்டு பிளக்கும் பழைய சுவர்களிலேயே. உருவிப் பார்த்தேன்; மூன்று முள்ளும் முழுசாக இருந்தன. எதுவுமே மாறவில்லை, இரைச்சல் மட்டும் போய்விட்டது என்றால் யாராவது நம்புவார்களா?

பிளக்குகளைத் திரும்பச் சொருகி, கரண்ட் கசிகிறதா என்று டெஸ்டரை எடுத்துக் கிதார் கம்பியில் வைத்தேன். விளக்கு எரியவில்லை. மீட்டரின் ஒரு முனையைக் கம்பியிலும் இன்னொன்றை மைக்கிலும் வைத்தேன். பூஜ்யம்.

"என்னக்கா, ஆம்புக்கு ஜுரமா?" என்றான் டமாரம்.

தம்பி சிரிக்கவில்லை. "ஏன்க்கா, நீ பண்ணலைன்னா அது சரியாகக் கூடாதா?"

"அப்படியா சொன்னேன்?"

"மூஞ்சி சொல்லுதே. மாமா பண்ணிட்டாருன்னு உனக்குப் பொறுக்கலை."

சுருக்கென்றது. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்ததால் இன்னும் சுருக்கென்றது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தேன்.

அவர்கள் ஒத்திகையை ஆரம்பித்தார்கள். முதல் பாட்டு கண்ணாடி மாதிரி சுத்தமாக வந்தது. இரண்டாவது அதைவிட நன்றாக இருந்தது. தம்பிக்கு வியர்த்துக் கொட்டியது. பாடும்போது உதட்டை மைக்கின் மேலேயே வைத்துக்கொள்வது அவன் பழக்கம். மாமா பாட்டைக் கவனிக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பாட்டுக்குச் சின்ன ஆம்ப் வேண்டாம். பெரியதில் மட்டும் வாசிப்பான். அதற்காகத் தம்பி குனிந்து, பெடலிலிருந்து சின்ன ஆம்புக்குப் போகும் கேபிளில் கை வைத்தான்.

"டேய், அதை உருவாதே!"

மாமா எழுந்த வேகத்தில் டீ அவர் சட்டையிலேயே கொட்டியது.

"ஏன் மாமா?"

"இல்ல... சும்மா உருவிச் சொருகினா கேபிள் கெட்டுடும்டா. அப்படியே கிடக்கட்டும். சின்னதோட சவுண்டை மட்டும் குறைச்சுக்கோ."

வாடகை கேபிள்களைச் சாக்கில் அள்ளிப் போட்டு எடுத்துப் போகிறவர் அவர். அவருக்கு ஒரு கேபிள்மேல் இத்தனை பாசமா?

"தம்பி, கிதாரைக் கழட்டி ஸ்டாண்டில் வை," என்றேன்.

"அக்கா, மணி ரெண்டரை..."

"வைடா!"

வைத்தான். நான் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் தலையைப் பிடித்து அந்தக் கேபிளை உருவினேன். டெஸ்டரைக் கம்பியில் வைத்தேன்.

சிவப்பாக எரிந்தது.

டமாரத்தின் கையிலிருந்த குச்சி கீழே விழுந்தது. மீட்டரை வைத்தேன். கம்பிக்கும் மைக்குக்கும் நடுவே நூற்றுப் பத்து வோல்ட்.

"கரண்ட் கிதார்லயா வருது?" என்றான் தம்பி.

பெரிய ஆம்பை அணைத்து, பிளக்கை உருவி, ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்தேன். எர்த்துக்கான பச்சை ஒயர் கத்தரிக்கப்பட்டிருந்தது. நுனியில் கறுப்பு டேப் சுற்றி, அழகாக மடித்து உள்ளே வைத்து மூடியிருந்தார் மாமா. வெளியே மூன்று முள்ளும் ஜம்மென்று இருந்தன.

"இப்படி எர்த்தை வெட்டினா இரைச்சல் போயிடும்," என்றேன் தம்பியிடம். "வளையம் அறுந்துடுதில்ல? ஆனா இந்த ஆம்புக்கு இப்ப சொந்த எர்த் கிடையாது. கசியற கரண்ட் சின்ன ஆம்புக்குப் போற கேபிள் வழியாத்தான் எர்த்துக்குப் போயிட்டிருந்தது. அதனாலதான் முதல்ல டெஸ்டர் எரியலை. அந்தக் கேபிளை உருவினா, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு மைக்ல வாய வைக்கிற ஆள் வழியாத்தான் அது போகணும். இன்னைக்குக் கடிக்கும். உள்ள ஒரு ஒயர் விட்டுப்போய் ஆம்ப் பாடியில பட்டுச்சுன்னா, கடிக்கறதோட நிக்காது."

தம்பி தன் வியர்த்த உள்ளங்கைகளைப் பார்த்தான். பிறகு மாமாவைப் பார்த்தான்.

"காலையில உங்களைக் கடிச்சுதா மாமா?" என்று நான் கேட்டேன்.

மாமா பையிலிருந்த வலது கையை மெல்ல வெளியே எடுத்தார். விரல்களை மடக்கி நீட்டினார்.

"லேசா," என்றார்.

"தெரிஞ்சேவா என்னைப் பாட விட்டீங்க?" என்றான் தம்பி.

"கேபிள் இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆகாதுடா. அதான் உருவாதேன்னு சொன்னேனே! என் ஆம்ப் இரையுதுன்னு நாலு பேர் முன்னாடி அந்த ரெக்கார்டிங்காரன் சொல்லக் கூடாதுன்னு பார்த்தேன். உங்கம்மாகிட்ட வேற, நான் பார்த்துக்கறேன்க்கான்னு சொல்லிட்டு வந்துட்டேன்..."

யாரும் அவரைத் திட்டவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

பச்சை ஒயரைச் சீவி, முறுக்கி, அதன் இடத்தில் முடுக்கினேன். ஆம்பைப் போட்டதும் 'ம்ம்ம்...' என்று பழைய முனகல் வந்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டான். சின்ன ஆம்புக்குப் போகும் ஒரு கேபிளுக்குப் பதில் இரண்டு போட்டு, நடுவே என் பெட்டியை வைத்தேன். முனகல் அடங்கியது. ஸ்பீக்கரில் காதை ஒட்டினால் மட்டும் துளி கேட்டது. கேபிளோடும் பார்த்தேன், கேபிளை உருவியும் பார்த்தேன். டெஸ்டர் எரியவில்லை. மீட்டர் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை.

தம்பி கிதாரை மாட்டிக்கொண்டான். ஆனால் மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளியே நின்றான்.

"மீட்டர் முனையைக் கிதார்லயும் மைக்லயும் வச்சுக்கோக்கா. நான் பாடி முடிக்கிற வரைக்கும்."

வைத்துக்கொண்டேன். மூன்றாவது பாட்டு முழுக்க நான் அவன் காலடியில் குந்தியிருந்தேன். இரண்டாவது சரணத்தில்தான் அவன் உதடு மைக்கைத் தொட்டது.

பாட்டு முடிந்ததும் மாமா மெதுவாக எழுந்து, தரையில் கிடந்த டேப் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இவ்வளவு நாளா இப்படித்தான்மா பண்ணிட்டிருக்கேன்," என்றார். "இரைச்சல்னு எவன் வந்தாலும் இதான் வைத்தியம். எல்லாரும் கும்பிட்டுட்டுப் போனாங்க."

"எத்தனை ஆம்ப் மாமா?"

அவர் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனார். டமாரம் பேசாமல் அவர் செல்போனை எடுத்து வந்து நீட்டினான்.

"அதுல ரெண்டு பேருக்கு இன்னைக்குச் சாயங்காலமே மேடை," என்றார் மாமா. அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. பெயர்களைத் தேடும் விரல் வேறு பெயர்களிலேயே போய் நின்றது. தம்பிதான் போனை வாங்கி எண்ணைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

கீழே ஒரு கார் வந்து நின்றது. ஒலிப்பதிவாளராக இருக்க வேண்டும். நாங்கள் யாரும் ஜன்னல் பக்கம் போகவில்லை.

"ஹலோ... நான்தாம்ப்பா பேசறேன்," என்றார் மாமா. "நான் கொடுத்த ஆம்பைப் போட்டிருக்கியா?... கிதாரைக் கீழ வை. முதல்ல கீழ வைப்பா. ஏன்னு அப்புறம் சொல்றேன்." கொஞ்சம் நிறுத்தினார். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். "இல்ல, இப்பவே சொல்றேன். தப்பு என்னுது."