கோழி மருந்து

"அப்பா! அதை அவன் வாயில ஊத்தாதீங்க!"

பெரியவ கத்துன கத்துல ஆஸ்பத்திரி வார்டே திரும்பிப் பாத்துச்சு. அப்பா கையில டம்ளர். தண்ணி பால் மாதிரி வெளுத்துக் கெடந்துச்சு. தன் கோழிப்பண்ணையில தீவனத்தோட கலக்குற மருந்துப் பொடியைப் பொட்டலமா மடிச்சுக் கொண்டாந்து, யாருக்கும் தெரியாம கரைச்சிருக்காரு மனுஷன்.

கட்டில்ல அவ தம்பி சுண்டு. பண்ணைக் கூண்டுக் கம்பி கெண்டைக்கால்ல லேசாத்தான் கீறுச்சு. இப்ப முழங்காலுக்கு மேல வீங்கி நிக்குது. ஒடம்பு அனலா கொதிக்குது.

"ஏண்டி கத்துற? இவங்க போடுற ஊசியில ஒரு மண்ணும் ஆகல. அத்தனை கோழியைக் காப்பாத்துற மருந்து என் புள்ளையக் காப்பாத்தாதா?"

"அதைக் குடிச்சா நான் முட்டை போடுவேனாக்கா?" சுண்டு கண்ணைத் தொறக்காமயே கேட்டான். யாருக்கும் சிரிப்பு வரல.

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்துட்டாங்க. பொட்டலத்தைப் பாத்து, என்ன மருந்துன்னு கேட்டாங்க. அப்பா அந்த மருந்துப் பேரைச் சொன்னதும் அவங்க முகம் இருண்டுபோச்சு.

"நாங்க மொதல்ல போட்ட ஊசியும் இதே மருந்துதாங்க. கோழிக்கு இதைத் தினமுமா போடுவீங்க?"

"சீக்கு வராம இருக்கத்தாம்மா. வந்தப்புறமா போடுவாங்க?"

"கிருமி கோடிக்கணக்குல பெருகும். அதுல ஒண்ணு கோணலாப் பொறக்கும். அந்தக் கோணலாலேயே அது மருந்தைத் தாங்கிடும். நீங்க தினம் மருந்து போட்டு மத்ததையெல்லாம் கொன்னு, அது ஒண்ணுக்கு மட்டும் வீட்டைக் காலி பண்ணிக் குடுத்துட்டீங்க. இப்ப பண்ணை பூரா அதோட வாரிசுங்கதான். உங்க பையன் கால்லயும்."

அப்பா கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டாரு. "அப்ப வேற ஏதாச்சும் போடுங்கம்மா."

"மாத்தி மாத்திப் பாத்தாச்சு. இன்னிக்குப் போடுறதுதான் கடைசி. அதுக்கும் கேக்கலைன்னா காலை எடுக்கணும். எடுத்தாலும்..." அவங்க ஊசியைப் போட்டுட்டுப் போயிட்டாங்க.

அப்பா டம்ளரைத் தூக்கிட்டுக் கைகழுவுற தொட்டிகிட்ட போனாரு. ஊத்தல. ஜன்னல்கிட்ட போனாரு, அங்கயும் ஊத்தல. எங்க கொட்டுறதுன்னு தெரியாம அப்படியே நின்னாரு. பெரியவ தம்பி கால்மேல கை வச்சுப் பாத்தா. கொஞ்சம்கூட சூடு எறங்கல.

சுண்டு அவ விரலைப் பிடிச்சு இழுத்தான்.

"அக்கா, அந்தக் கோணல் கிருமி இந்த ஊசிக்கும் சாகலைன்னா, வேற எதுக்குத்தான்க்கா சாகும்?"